பெருந்துறையின் லைன் வீடுகள்: குடியிருப்போர் மாறினார்கள், வீடுகள் மாறவில்லை

ஈரோடு மாவட்டம் பெருந்துறையிலிருந்து சிப்காட் தொழில் வளாகத்தின் பக்கம் போகும் சாலைகளில் எதில் நடந்தாலும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற கட்டடங்களைப் பார்க்கலாம். நீளவாக்கில் ஒரு திண்ணை, அதை ஒட்டி வரிசையாக எட்டோ பத்தோ கதவுகள், மேலே சிமெண்ட் அட்டை அல்லது தாழ்வான கான்கிரீட் கூரை, ஒரு கோடியில் எல்லாருக்கும் பொதுவான இரண்டு கழிப்பறைகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இதற்கு லைன் வீடு என்று பெயர். பல்லடம், அவினாசி, ஊத்துக்குளி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று கொங்கு நாட்டில் தறியும் தையலும் நூலும் போன இடமெல்லாம் இந்தக் கட்டடமும் கூடவே போயிருக்கிறது. சிற்றூர்களும் சிறு நகரங்களும் தொழில் ஊர்களாக ஆனதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தொழிலைச் செய்தவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள், யாருக்கு எவ்வளவு வாடகை கொடுத்தார்கள் என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இதை எழுதும் எனக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. எங்கள் குடும்பத்துக்கும் எட்டு வீட்டு லைன் ஒன்று இருக்கிறது. கிணறு வற்றி, போர் போட்டும் போதிய தண்ணீர் கிடைக்காமல், சோளமும் நிலக்கடலையும் மழையை நம்பியே விதைக்க வேண்டும் என்றான பிறகு, சாலையோரத்துக் காட்டில் (எங்கள் பக்கம் காடு என்றால் மழையை நம்பிய விளைநிலம்) இருபது சென்ட்டை ஒதுக்கி அப்பா கட்டியது அது. அந்த முடிவை அவர் தனியாக எடுக்கவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள், அதாவது நிலம் வைத்திருப்பவர்கள், பலரும் ஏறத்தாழ அதே காலத்தில் அதையே செய்தார்கள். லைன் வீட்டுக்கான காரணத்தை ஆலையில் மட்டும் தேடினால் பாதிதான் விளங்கும். மறுபாதி வறண்ட கிணற்றில் கிடக்கிறது.

ஈரோடு மாவட்டம் என்றதும் மஞ்சளும் நெல்லும் நினைவுக்கு வந்தாலும், கீழ்பவானி வாய்க்கால் பாயும் நிலமும் பாயாத நிலமும் இங்கே இரண்டு வெவ்வேறு உலகங்கள். வாய்க்காலுக்கு மேட்டில் கிடக்கும் காடுகளுக்குப் பவானித் தண்ணீர் எட்டாது. பெருந்துறை, ஊத்துக்குளி, அவினாசி வட்டாரத்துக் குளங்களை நிரப்புவதற்காகப் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்த அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்குக் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து உபரி நீரை ஏற்றித் தரும் இந்தத் திட்டம் இருபது ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் எத்தனை காடுகள் காடாகவே இருந்திருக்கும் என்ற கேள்வி எனக்கு அடிக்கடி எழுவதுண்டு. தண்ணீர் வருவதற்குள் பல இடங்களில் அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

ஆட்களை இழுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். காசநோய் மருத்துவமனை வந்ததால் ‘சானடோரியம்’ என்றே பெயர் பெற்ற வளாகம் பின்னாளில் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1984-இல் தோப்புப்பாளையத்தில் கொங்கு பொறியியல் கல்லூரி தொடங்கியது. இவை இரண்டும் ஆசிரியர், செவிலியர், மாணவர் என்று மாதச் சம்பளமோ வீட்டுப் பணமோ கையில் உள்ள ஒரு கூட்டத்தைக் கொண்டு வந்தன. அதன்பின் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஈங்கூரை ஒட்டிச் சுமார் 2,700 ஏக்கரில் சிப்காட் தொழில் வளர்ச்சி மையம் எழுந்தது. நூல், துணி, சாயம், தோல், இரும்பு என்று ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டது என்ற முறையீடு சுற்றுவட்டார ஊர்களில் இன்றுவரை ஓயவில்லை. அது தனியே எழுத வேண்டிய செய்தி. வாடகையைப் பொறுத்தவரை நடந்தது எளிமையானது. ஆலைக்கு இடம் ஒதுக்கியவர்கள் ஆலையில் வேலை செய்பவர்களுக்கு வீடு ஒதுக்கவில்லை. அந்த இடைவெளியைத்தான் சுற்றியிருந்த தோட்டக்காரர்களின் லைன் வீடுகள் நிரப்பின.

முதலில் வந்தவர்கள் தெற்கிலிருந்து வந்தார்கள். தேனி, மதுரை, திண்டுக்கல், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருப்பூருக்கு வந்து, அங்கே வாடகை தாங்காமல் சுற்றியுள்ள சிறு ஊர்களுக்கு நகர்ந்தன. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் அவை. பத்துக்குப் பத்து அறையில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே பிள்ளைகளை வளர்த்தவர்கள். எங்கள் லைனின் முதல் வீட்டில் இருக்கும் அக்கா வத்தலகுண்டுப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர். அந்தக் குழந்தை இன்று சிப்காட்டில் மேற்பார்வையாளர். “ஏனுங்க, சொல்லுங்க” என்று பேசும் அவனுக்குத் தன் அப்பா ஊர்ப் பேச்சு வேற்றூர்ப் பேச்சாகக் கேட்கிறது. இரண்டாம் தலைமுறை இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே மணமும் முடித்துவிட்டது. ஆனாலும் அவர்கள் குடியிருப்பது இன்னும் வாடகை வீட்டில்தான். வந்தவர்கள் சிறிது காலம் வாடகைக்கு இருந்துவிட்டு ஓர் இடம் வாங்கிச் சொந்த வீடு கட்டிவிடுவார்கள் என்று இந்த ஊர் நம்பிக்கொண்டிருந்தது. சிலர் கட்டினார்கள். பலரால் முடியவில்லை, ஏனென்றால் கூலி ஏறிய வேகத்தைவிட மனையின் விலை ஏறிய வேகம் அதிகம்.

அடுத்து வந்தவர்கள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தார்கள்: ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம். தன்பாத்–ஆலப்புழா விரைவு ரயிலும் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் விரைவு ரயிலும் ஈரோட்டில் நிற்கும்போது பிளாட்பாரத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும், இந்த வட்டாரத்து ஆலைகளுக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். தொடக்கத்தில் இவர்கள் எல்லாரும் தனியாக வந்த இளைஞர்கள். ஒரு அறையில் ஐந்தாறு பேர் இருந்தாலும் பகல் ஷிப்டுக்குச் சிலர், இரவு ஷிப்டுக்குச் சிலர் என்று போவதால் ஒரே பாயை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். வாடகையும் அறைக்கு இவ்வளவு என்பதிலிருந்து ஆளுக்கு இவ்வளவு என்று மாறியது அப்போதுதான். ஒரு குடும்பம் 3,500 ரூபாய் தரும் அறைக்கு ஐந்து பேர் ஆளுக்கு ஆயிரம் தந்தால் 5,000 ஆகிறது. கூரை அதேதான், கழிப்பறை அதேதான், தொட்டித் தண்ணீர் மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. இந்தக் கணக்கைப் போடாத வீட்டுக்காரர் எங்கள் பக்கம் இல்லை. நாங்களும் போட்டவர்கள்தான் என்பதை மறைக்க மாட்டேன். இப்படித் தலைக்குக் காசு வாங்கியதால்தான் சிறு குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்கு அறை வாடகை போனது.

இப்போது நடந்து வரும் மாற்றம்தான் முக்கியமானது. தனியாக வந்த இளைஞர்களில் ஒரு பகுதியினர் இப்போது குடும்பத்தோடு வருகிறார்கள். கணவன் சாய ஆலையிலும் மனைவி தையல் பிரிவிலும் வேலை செய்ய, பிள்ளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழில் ‘அணில், ஆடு’ படிக்கிறது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தாய்க்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்கும் ஒரு ஒடிசாச் சிறுமியை எங்கள் லைனிலேயே பார்க்கிறேன். ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ முறை தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததும், முகவரிச் சான்று இல்லாமலே வாங்கக்கூடிய ஐந்து கிலோ சிலிண்டர் கடைகளில் கிடைப்பதும் அடுப்பு வைத்துக் குடும்பம் நடத்துவதை ஓரளவுக்கு எளிதாக்கியிருக்கின்றன. ஐந்தாறு இளைஞர்கள் படுத்து எழுவதற்கு எப்படியோ போதுமாக இருந்த அறையில், பருவமடைந்த பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் குடித்தனம் நடத்துவது வேறு வகைத் துன்பம். இரவில் பொதுக் கழிப்பறைக்குத் தனியே போக முடியாது. தாயோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ கூடப் போக வேண்டும். லைன் வீட்டின் வடிவமே தற்காலிகமாக வருபவர்களை மனத்தில் வைத்துப் போட்டது. வருபவர்கள் நிலையாகத் தங்கத் தொடங்கி வெகுகாலம் ஆகியும் அந்த வடிவம் அப்படியே நிற்கிறது.

ஒரே லைனில் இரண்டு பஞ்சாங்கங்கள் நடப்பதும் இதன் விளைவுதான். தமிழ்க் குடும்பம் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறாது. தையிலோ சித்திரையிலோ ஆவணியிலோ நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் முதலில் எடுத்து வைத்துத்தான் குடிபுகும். ஆகவே முன்பெல்லாம் ஆடியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டியே கிடக்கும். வடமாநிலத்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் ஆடியிலும் வீடு நிரம்புகிறது. தீபாவளிக்குப் பின் சத் பூஜைக்கும், மாசி பங்குனியில் ஹோலிக்கும் அவர்கள் ஊருக்குப் போகும்போது லைனில் பாதி இருட்டாகிவிடும். பொங்கலுக்குத் தெற்கத்திக் குடும்பங்கள் போகும்போது மறுபாதி இருட்டாகும்.

நாள் கிழமைகளைத் தவிர வேறு காரணங்களாலும் இந்த வீடுகள் சட்டென்று காலியாகியிருக்கின்றன. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அவற்றை நம்பியிருந்தவர்களின் அறைகள் காலியாயின. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு, நடைமுறைப்படுத்தியவர்கள் அதைவிடக் குறைவு. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, உண்மையில் எதுவும் நடக்காத ஊர்களிலிருந்தும் ஆட்கள் அஞ்சி ஊர் திரும்பினார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது பின்னலாடை நிறுவனங்கள் கூடுதல் ஷிப்டைக் குறைத்தன. ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தைக் கணக்கில் வைத்து ஒப்புக்கொண்ட வாடகையை ஒரு ஷிப்ட் சம்பளத்தில் எப்படிக் கட்டுவது? வீட்டுக்காரருக்கு ஓர் அறை காலியாவது ஒரு மாத வரும்படி போவது. குடியிருப்பவருக்கோ அது பிள்ளையின் பள்ளி, வாங்கிய கடன், பழகிய அக்கம்பக்கம் எல்லாமே ஒரே நாளில் போவது.

இந்த ஊரின் மற்ற வாடகைதாரர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். கல்லூரி மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் மாடி வீடுகளில் அறை எடுத்து இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகை கூடுதல், கேள்வி குறைவு. பணி மாறுதலில் வரும் ஆசிரியர், காவலர், மின்வாரிய ஊழியர் ஆகியோரை வீட்டுக்காரர்கள் விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். நூற்பாலைகளில் வேலை செய்யும் இளம்பெண்கள் பலர் ஆலை விடுதிகளுக்குள்ளேயே இருப்பதால் வாடகைக் கணக்கில் வருவதில்லை. விடுதிகளை 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்றாலும், வேலை போனால் படுக்கையும் போகும் என்ற நிலையை அந்தச் சட்டம் மாற்றவில்லை. கணவனைப் பிரிந்தவர்களும் பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனியானவர்களும் ஒற்றை அறைக்கு அலைவது அண்மைக்காலத்தில் நான் கவனித்த இன்னொன்று.

யாருக்கு வீடு கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். “வீடு இருக்குங்களா” என்று கேட்டு வருபவரிடம் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது “குடும்பமுங்களா, பேச்சுலருங்களா” என்பது. அதற்கு அடுத்து மிகவும் மரியாதையாக, “உங்களுக்கு எந்தப் பக்கமுங்க? சொந்தக்காரங்க எங்கெங்க இருக்காங்க?” என்று கேட்பார்கள். கேட்கப்படுவது ஊர் அல்ல, சாதி என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பக்கத்துக் கிராமத்திலேயே பிறந்து வளர்ந்து, சிப்காட்டில் நல்ல சம்பளத்தில் இருக்கும் அருந்ததிய இளைஞர் ஒருவர் நான்கு வீட்டுப் படியேறி, நான்கிலும் “இப்பத்தாங்க ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு” என்ற ஒரே பதிலை வாங்கித் திரும்பியதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த நான்கில் ஒரு வீட்டில் ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை அடுத்த இரண்டு மாதமும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவரின் சாதி தெரியாது என்பதால் அவருக்குக் கதவு திறக்கிறது. இரண்டு கிலோமீட்டரிலிருந்து வந்தவரின் சாதி தெரியும் என்பதால் கதவு மூடுகிறது. இந்த ஊரின் வாடகைச் சந்தையில் எனக்கு மிகவும் வெட்கம் தரும் உண்மை இது. வாடகையைக் கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் இது மாறுவதில்லை.

கிடைத்த வீட்டுக்கும் கையில் ஒரு தாள் இருப்பதில்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த வாடகையும் எழுத்து ஒப்பந்தத்தின் பேரில்தான் இருக்க வேண்டும், அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக்கூடாது, தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது என்பவை அதன் சாரம். முன்பு பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தது; ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து ஒதுங்குவதற்கான வழி அது. புதிய சட்டத்தில் எத்தனை மாதமானாலும் பதிவு உண்டு. ஆனால் இந்தச் சட்டம் நகர்ப்புறங்களை முன்வைத்து எழுதப்பட்டது. லைன் வீடுகளில் பெரும்பகுதி நிற்பதோ நகர எல்லை முடிந்து கிராம ஊராட்சி தொடங்கும் காடுகளில். எல்லைக்கு உள்ளே இருக்கும் லைன்களிலும் ஒப்பந்தம் என்பது வாய்ச்சொல்லும் அட்வான்ஸை எழுதி வைத்த பழைய டைரிப் பக்கமும்தான்.

தாள் இல்லாததன் விலையைக் குடியிருப்பவர்தான் கொடுக்கிறார். மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது 2016 முதல் இருக்கும் சலுகை. எட்டு வீட்டுக்கும் ஒரே சர்வீஸ் எடுத்து உள்ளே குட்டி மீட்டர் வைத்திருக்கும் லைனில், அந்தச் சலுகை மொத்தத்துக்கும் ஒருமுறைதான் கிடைக்கும். பல பேர் ஓட்டுவதால் யூனிட் கூடி உயர்ந்த விகிதத்துக்குப் போகும். அதை வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாகப் பிரித்து வாங்குவார். மாட மாளிகையில் இருப்பவர் முதல் நூறு யூனிட்டுக்குக் காசு கொடுப்பதில்லை. ஒரு விசிறி, ஒரு பல்பு, ஒரு செல்பேசி மட்டும் வைத்திருப்பவர் முதல் யூனிட்டிலிருந்தே கொடுக்கிறார். 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தபோதும், அதே ஆண்டு செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தபோதும், இரண்டையும் காரணம் காட்டி வாடகை ஏறியது.

வாக்குரிமையிலும் இதே கதைதான். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை, இடம் மாறியவர்கள் என்ற தலைப்பில் வந்தவை. சொந்த வீட்டில் இருப்பவர் எளிதில் இடம் மாறுவதில்லை. எங்கள் லைனின் முதல் வீட்டு அக்காவும் அவர் மகனும் அந்த வாரம் முழுதும் மின் ரசீது நகல் கேட்டு என்னிடமும், படிவத்தோடு வாக்குச்சாவடி அலுவலரிடமும் மாறி மாறி அலைந்தார்கள். அந்த ரசீதில் இருப்பது என் அப்பாவின் பெயர். அவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள் என்று சொல்லும் எழுத்து எதையும் இத்தனை ஆண்டுகளில் நாங்கள் அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை.

மாநிலங்களுக்கு இடையே பெயரும் தொழிலாளர்களுக்கு ஒப்பந்ததாரர் தங்குமிடம் தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2020-இல், ஊரடங்கின் கொடுமையைப் பார்த்த பிறகு, மலிவு வாடகைக் குடியிருப்பு வளாகங்களுக்கான திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டு வந்தது. தொழில் வளாகங்களை ஒட்டி விடுதி கட்டும் முயற்சியை ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பார்க்கிறோம். 18,720 பேர் தங்கும் அந்த வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தனியாக வரும் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பெருந்துறை போன்ற ஊரின் தேவை இப்போது கட்டில் அல்ல, குடும்பம் நடத்தும் வீடு: தனிக் கழிப்பறை, தனி மின் இணைப்பு, சமையலுக்கு ஒரு தடுப்பு, கதவுக்கு எண், கையில் ஒப்பந்தத் தாள். லைனை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. இரண்டு அறைகளை ஒன்றாக்கிப் பின்பக்கம் கழிப்பறை இழுத்தால் எட்டு வீடு நான்கு வீடாகும். வரும்படி குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட வங்கிக் கடனோ வரிச் சலுகையோ கிடைத்தால் செய்யத் தயாராக இருக்கும் தோட்டக்காரர்கள் இங்கே உண்டு என்பதை அவர்களோடு பேசியே சொல்கிறேன். எங்கள் லைனில் கடைசி இரண்டு அறைகளை இந்தத் தையில் அப்படி மாற்றியிருக்கிறோம்.

இந்த ஊரில் எத்தனை வீடுகள் வாடகை வீடுகள் என்பதற்கு இப்போதைக்குக் கையில் இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டுமே. அந்தக் கணக்கில் இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 விழுக்காடு வாடகையில் இருந்தன. கொங்கு மாவட்டங்களில் மக்கள்தொகையில் நகர்ப்புறத்தில் வாழ்ந்தவர்கள் கோவையில் 76 விழுக்காட்டை ஒட்டியும், திருப்பூரில் 61, ஈரோட்டில் 51 என்றும் இருந்தார்கள். அதற்குப் பின் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி முடித்துவிட்டார்கள். 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட புதிய கணக்கெடுப்பில், சொந்த வீடா வாடகை வீடா என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்கப்படும். ஒன்றாக வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள், உறவினராக இல்லாவிட்டாலும், கணக்கெடுப்பில் ஒரு குடும்பம். எங்கள் லைனின் ஆறாவது அறையில், முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடும் ஐந்து ஜார்க்கண்ட் இளைஞர்களை நாங்கள் இத்தனை நாளும் பேச்சுலர் என்றுதான் எழுதி வைத்திருக்கிறோம். கணக்கெடுப்பாளர் வரும்போது அந்த அறைக்கு நேராக, வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் என்று பதிவாகும்.